அடுத்த பாகம் எழுதப்போகிறவர்களுக்கு

தமிழில் அறிவியல் கதைகளை எழுதுகிறவர்களுக்கும், இயக்குகிறவர்களுக்கும், வசனம் எழுதுகிறவர்களுக்கும், வரைகலையில் அவற்றுக்கு உயிர் கொடுக்கிறவர்களுக்கும்,



நான் பெரும்பாக்கத்தில் வசிக்கும் வாசகி. எழுத்தாளர் சுஜாதாவின் தொடர்களை வாராவாரம் காத்திருந்து படித்த தலைமுறை. அறிவியல் கதை என்றால் இன்றைக்கும் முதல் நாளே பார்த்துவிட வேண்டும், முதல் பதிப்பிலேயே வாங்கிவிட வேண்டும் என்று நினைப்பவள். அந்த உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

என் ஆதங்கம் ‘எந்திரன்’ படத்தின் இரண்டாம் பாகமான ‘2.0’ பற்றியது. படம் வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஆனாலும் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. தொடர்கதையாக நீளும் அறிவியல் படங்களும் நாவல்களும் தமிழில் இனிமேல்தான் நிறைய வரப்போகின்றன. ஒரு நல்ல கதையின் இரண்டாம் பாகம் எங்கே தடம் மாறியது என்பதை உட்கார்ந்து பேசாவிட்டால், மூன்றாவதும் நான்காவதும் அதே வழியில்தான் போகும்.

முதல் பாகத்திலிருந்து தொடங்குகிறேன். 2010 அக்டோபர் 1 அன்று ‘எந்திரன்’ வெளியானது. அதன் வசனத்தில் பங்கெடுத்த சுஜாதா, படத்தைப் பார்க்காமலே 2008 பிப்ரவரியில் மறைந்துவிட்டார். அந்தப் படத்தில் என்னால் மறக்க முடியாத இடம் தீ விபத்துக் காட்சி. எரியும் கட்டடத்துக்குள் போய், சிட்டி என்கிற எந்திரம் ஒவ்வொருவராகத் தூக்கி வருகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே தூக்கிவந்து, கேமராக்கள் சூழ்ந்த கூட்டத்தின் நடுவே நிறுத்துகிறது. உயிர் பிழைத்த அந்தப் பெண் கூச்சம் தாளாமல் ஓடுகிறாள். லாரியில் அடிபட்டுச் சாகிறாள்.

உயிரைக் காப்பாற்றத் தெரிந்த இயந்திரத்துக்கு மானம் என்றால் என்னவென்று தெரியவில்லை. படம் அந்த ஒரு சாவோடு நின்று யோசிக்கிறது. எந்திரத்துக்கு மனித உணர்வைக் கற்றுக்கொடுக்க, அதைப் படைத்த விஞ்ஞானி வசீகரன் முனைவது அதனால்தான். உணர்வு வந்ததும் காதல் வருகிறது. காதல் வந்ததும் பொறாமையும் சினமும் வருகின்றன. சினம் வந்த எந்திரத்தைப் படைத்தவனே வெட்டிக் குப்பைமேட்டில் எறிகிறான். அங்கிருந்து அதைப் பொறுக்கி எடுத்தவன் சிவப்புச் சில்லைப் பொருத்திக் கொலைகாரனாக்குகிறான். ஒரே ஒரு பெண்ணின் சாவிலிருந்து முளைத்த கதை, படிப்படியாக ஊரையே அழிக்கும் இடத்துக்கு வந்து சேர்கிறது.

‘எந்திரன்’ படத்தின் கடைசி அரைமணி நேரமும் வன்முறைதான். எந்திரங்கள் ஒன்றோடொன்று பிணைந்து உருண்டையாகவும் பாம்பாகவும் எழுந்து சுட்டுத் தள்ளுகின்றன. அது எனக்கு அன்றைக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. ஆனாலும் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் சிட்டி தன் கையாலேயே தன்னைக் கழற்றிக்கொள்கிறது. 2030-ல் அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கும் பள்ளிச் சிறுமி, ஏன் கழற்றினார்கள் என்று கேட்கிறாள். தான் சிந்திக்கத் தொடங்கிவிட்டதுதான் காரணம் என்று சிட்டியே பதில் சொல்கிறது. அதைக் கேட்டுவிட்டுத் திரையரங்கிலிருந்து வெளியே வந்தவர்கள், மனிதனைப் பற்றியும் இயந்திரத்தைப் பற்றியும் பேசிக்கொண்டேதான் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்த பாகம் 2018 நவம்பர் 29 அன்று வந்தது. இந்தியாவிலேயே மிக அதிகப் பொருட்செலவில் எடுக்கப்பட்ட படம் என்று அப்போது பேசப்பட்டது. முப்பரிமாணத்திலேயே படம் பிடித்திருந்தார்கள். அந்த உழைப்பை நான் சிறிதும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆயிரமாயிரம் கைபேசிகள் சேர்ந்து ஒரு பறவையாக இறக்கை விரிக்கும் காட்சியைக் கற்பனை செய்து திரையில் கொண்டுவந்தவர்கள் நம் பெருமைக்குரியவர்கள்.

என் மனம் ஒப்பாதது வேறு. சிந்திக்கத் தொடங்கியதற்காகக் கழற்றப்பட்ட சிட்டியை இந்தப் படத்தில் மறுபடி பூட்டி எழுப்புகிறார்கள். எழுந்த சிட்டி சிந்திக்கவே இல்லை. என்னை ஏன் எழுப்பினீர்கள், யாரோடு சண்டை போடச் சொல்கிறீர்கள், அவன் பக்கம் நியாயம் இருந்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கேள்விகூட அதன் வாயிலிருந்து வரவில்லை. முதல் பாகத்தில் மனிதனாக ஆசைப்பட்ட பாத்திரம், இரண்டாம் பாகத்தில் வெறும் ஆயுதமாகிவிட்டது. போதாக்குறைக்கு, எந்தச் சிவப்புச் சில்லு பேராபத்து என்று முதல் பாகத்தில் சொன்னார்களோ, அதே கொலைகார வடிவத்தைக் கடைசியில் திரும்பக் கொண்டுவந்து கைதட்டலும் விசிலும் வாங்குகிறார்கள். கதை தன் முதல் பாகத்தில் கற்றுக்கொண்டதைத் தானே மறந்துவிட்டது.

கொலைகள் நடக்கும் விதமும் அப்படித்தான். கைபேசி விற்பவர், வலையமைப்பு நடத்துபவர், துறை அமைச்சர் என்று ஒருவர் பின் ஒருவராகக் கொடூரமாகச் சாகிறார்கள். ஒவ்வொரு சாவும் முந்தையதைவிட விநோதமாக இருக்க வேண்டும் என்பதில் காட்டிய அக்கறை, செத்தவன் யார் என்று சொல்வதில் இல்லை. அவர்கள் வீட்டில் அழுத ஒரு முகம்கூட நமக்குக் காட்டப்படவில்லை. லாரியில் அடிபட்ட ஒரு பெண்ணுக்காகக் கதையையே திருப்பிய தொடர் இது. இங்கே மைதானம் நிறைந்த கூட்டம் மொத்தமும் சாவின் விளிம்பில் நிற்கும்போது நம் கண்ணெல்லாம் வரைகலையின் மேல்தான் இருக்கிறது. ஓர் எந்திரம் போய் எந்திரப் படை வந்தது, படை போய் மாடி உயரப் பறவை வந்தது, கடைசியில் உள்ளங்கை அளவுக் குட்டி எந்திரங்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. கதை அகலமாகிக்கொண்டே போனது, ஆழம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

‘2.0’ படத்தின் எதிராளியான பட்சிராஜனைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். பெரும்பாக்கத்தில் இருந்துகொண்டு அந்தப் பாத்திரத்தைச் சும்மா கடந்துபோக என்னால் முடியவில்லை.

படம் தொடங்குவதே அவர் கைபேசிக் கோபுரத்தில் தூக்கிட்டுக்கொள்வதில்தான். பறவைகளுக்காகவே வாழ்ந்த ஒரு முதியவர். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார், மன்றாடுகிறார், ஒருவரும் காது கொடுக்கவில்லை. இதைவிடப் பெரிய கதைக்கரு என்ன வேண்டும்? ஆனால் அவருடைய வாழ்க்கை முழுவதையும் நடுவே ஒரு பின்கதையில் அடக்கிவிட்டு, மீதி நேரம் முழுக்க அவரை ஆவியாக்கி, அரக்கனாக்கி, அடித்து நொறுக்குகிறார்கள். அவரை வீழ்த்துகிற கடைசி உபாயம் என்ன? குட்டி எந்திரங்கள் புறாக்களின் மேல் ஏறி வந்து, அந்தப் புறாக்களின் உயிரைக் காட்டி அவரை மிரட்டுகின்றன. பறவைகள் மேல் அவர் வைத்த அன்பையே கயிறாக்கி அவரைக் கட்டிப்போடுகிறார்கள். அவர் போன பிறகு, அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு என்று வசீகரனே அமைச்சரிடம் சொல்கிறார். அந்த நியாயத்தை அவர் எதிரே நின்றபோது பேச ஒரு காட்சி எழுதியிருக்கலாமே.

சத்திமுத்தப் புலவர் நாரையைக் கூப்பிட்டுத் தன் மனைவிக்குச் சேதி சொல்லி அனுப்பிய மொழி இது. அந்த மொழியில், பறவைக்காகப் பேசுகிறவனுக்கு இன்னும் நல்ல முடிவு எழுதியிருக்க வேண்டும்.

எங்கள் ஊருக்கு ஒருமுறை வாருங்கள். மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் சாலையில், செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் இருக்கிற அதே சாலையில், ஓரமாக நின்றாலே போதும். விடிகாலையில் ஈரநிலத்தின் ஆகாயத்தாமரை இலைகள் மேல் நீலத் தாழைக்கோழி வாலைச் சுண்டிச் சுண்டி நடந்துபோகும். சிவந்த பெரிய காலால் ஒரு தண்டைப் பிடித்துத் தூக்கி, வாய்க்குக் கொண்டுபோய்க் கடிக்கும். கொஞ்சம் தள்ளி நாமக்கோழிகள் முங்கி எழும், நெடுங்கால் உள்ளான்கள் சேற்றைக் கிளறும். மழை கழிந்த மாதங்களில் பூநாரையும் கூழைக்கடாவும் வரும். அவற்றுக்குப் பின்னால் பார்த்தால் அடுக்குமாடிகளும் கைபேசிக் கோபுரங்களும் தெரியும். கழுத்தில் தொலைநோக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு பேருந்துப் புகைக்கு நடுவே நின்று பறவைகளை எண்ணி எழுதும் பெரியவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் இங்கே உண்டு. உங்கள் பட்சிராஜனின் நிஜ உறவுக்காரர்கள் அவர்கள். யாரையும் கொல்ல நினைக்காதவர்கள். எண்ணிக்கையை எழுதி வைத்தால் என்றாவது ஒருவர் கேட்பார் என்று நம்புகிறவர்கள்.

இங்கே பறவைகளுக்கு வந்த கேடு எது என்று அவர்களைக் கேட்டால், முதலில் நிலத்தைத்தான் காட்டுவார்கள். இங்குள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் அறுபதுகளில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்ததாகச் சொல்வார்கள். 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தபோது குறிக்கப்பட்ட பரப்பு 1,247 ஹெக்டேர். இடையில் பெருங்குடியில் குப்பை மலையானது. சாலைகள் வந்தன, தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் வந்தன, குடியிருப்புகள் வந்தன. கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களை எட்டு மாடி வரிசைகளில் கொண்டுவந்து வைத்ததும் இந்தத் தாழ்ந்த நிலத்தில்தான். 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி எங்கள் வாசலுக்கு வந்தது. படகில் ஏறி வெளியேறியவர்களுக்குப் புரிந்தது, தாழைக்கோழியின் பிரச்சினையும் தங்கள் பிரச்சினையும் ஒன்றுதான் என்று.

படமோ பழி முழுவதையும் கைபேசிக் கதிர்வீச்சின் மேல் போட்டது. கோபுரக் கதிர்வீச்சுதான் பறவைகளைக் கொல்கிறது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020-ல் வந்த அறிக்கை, சிட்டுக்குருவிகள் நாடு முழுவதும் பெருமளவு குறைந்துவிடவில்லை, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கின்றன என்றது. கதைக்குக் கற்பனை வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் அறிவியல் கதை என்று பெயர் வைத்துக்கொண்டு, ஊரே நம்பத் தயாராக இருக்கும் ஓர் ஐயத்தை உண்மைபோல் நிறுவிவிட்டால், அதைப் பார்க்கும் பிள்ளை உண்மையான காரணத்தைத் தேடுவதை விட்டுவிடும்.

பட்சிராஜனின் ஊராகப் படம் காட்டும் திருக்கழுக்குன்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உச்சிவேளையில் இரண்டு மஞ்சள்முகப் பாறுக் கழுகுகள் மலைக்கு வந்து அமுது உண்டு போவதைப் பார்க்க ஒரு காலத்தில் ஊரே கூடும். இன்று அவை வருவதில்லை. தொண்ணூறுகள் தொடங்கி இந்தியத் துணைக்கண்டத்தில் சில பாறு இனங்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழிந்துபோயின. முதலில் யாருக்கும் காரணம் விளங்கவில்லை. நோயா, நஞ்சா, பட்டினியா என்று தேடினார்கள். இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தார்கள், சிறுநீரகம் கெட்டிருந்தது. 2004-ல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு விடையைக் கண்டுபிடித்தது: மாட்டுக்கு வலி தீரக் கொடுத்த டைக்ளோஃபினாக். அந்த மருந்து உடலில் இருக்கும்போதே செத்த மாட்டைத் தின்ற பாறுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைக் கொடுக்க இந்தியா தடை விதித்தது. நம் மாநிலத்தில் நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சிய பாறுகளைக் காக்க இன்றும் பலர் பாடுபடுகிறார்கள்.

இந்த நிஜக் கதையில் துப்பறிதல் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு செய்த காரியம் விஷமாகத் திரும்பும் துயரமும் இருக்கிறது. மாட்டுக்காரரும் கெட்டவர் இல்லை, மருத்துவரும் கெட்டவர் இல்லை, ஆனாலும் வானம் காலியாகிவிட்டது. ஒரு துளி ரத்தம் சிந்தாமல் நம் தூக்கத்தைக் கெடுக்கக்கூடிய அறிவியல் கதை, பட்சிராஜனின் ஊரிலேயே எழுதப்படக் காத்திருந்தது.

இரண்டாம் பாகம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், அதற்கு முன்மாதிரியும் நம் மொழியிலேயே இருக்கிறது. ஆனந்த விகடனில் தொடராக வந்த, சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. எண்களும் அனுமதிகளும் மனிதர்களை ஆளும் ஒரு நாடு, அதன் தலைவன் ஜீவா, கணவனைத் தேடும் நிலா, புத்தகம் படித்துப் படித்து மனிதரைவிட மனிதமாகிவிடும் ஜீனோ என்கிற எந்திர நாய். முதல் பாகத்தில் கொடுங்கோல் ஆட்சி விழுகிறது. ‘மீண்டும் ஜீனோ’ எழுதும்போது சுஜாதா இன்னும் பெரிய கொடுங்கோலனைத் தேடிப் போகவில்லை. ஆட்சியைக் கவிழ்த்தவர்களே நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, நிலாவை ராணியாக்கிப் பொம்மையாக ஆட்டிவைத்தால் என்ன ஆகும் என்று கேட்டார். முதல் பாகத்தின் வெற்றியையே சந்தேகிப்பதுதான் இரண்டாம் பாகத்தின் கதை. வாசகர்களான நாங்கள் எங்கே சந்தோஷப்பட்டோமோ அங்கேயே எங்களைத் திரும்பக் கூட்டிப்போய் நிற்கவைத்தார். ‘2.0’ படத்தின் எந்திரப் பெண்ணுக்கும் நிலா என்றுதான் பெயர். அந்தப் பெயரோடு அந்தத் துணிச்சலும் வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பெரிய திரைக்குப் பிரம்மாண்டம் வேண்டும், மக்கள் அதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள் என்று உங்களில் சிலர் சொல்லலாம். பிரம்மாண்டத்தை நான் எதிர்க்கவில்லை. ‘எந்திரன்’ படமும் பிரம்மாண்டம்தான். நன்றாகவும் ஓடியது. சின்னச் செலவில் வந்த ‘இன்று நேற்று நாளை’ படத்தையும் மக்கள் கொண்டாடினார்கள். 2015-ல் வந்த அந்தப் படத்தில், காலயந்திரத்தை வைத்துத் தொலைந்த பொருள்களைக் கண்டுபிடித்துச் சோதிடம் சொல்லிப் பிழைக்கும் நண்பர்கள், தெரியாமல் செய்த சின்ன மாற்றத்தால் சாக வேண்டிய ஒரு ரவுடி பிழைத்துவிடுகிறான். பிறகு வரும் அத்தனை சிக்கலுக்கும் அதுவே வேர். 2021-ல் வந்த ‘மாநாடு’ படத்தில் நாயகன் திரும்பத் திரும்பச் சாகிறான். ஒவ்வொரு சாவிலும் அவன் ஒன்றைக் கற்றுக்கொள்கிறான். ஒரு கலவரத்தைத் தடுப்பதற்காகவே அத்தனை சாவும். இரண்டிலும் துப்பாக்கி உண்டு, அடிதடி உண்டு. ஆனால் எந்தச் சாவும் கணக்கில் வராமல் போகவில்லை. மக்கள் அவற்றையும் காசு கொடுத்துத்தான் பார்த்தார்கள்.

எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்குச் சிட்டி என்றால் உயிர். அவர்கள் வளர்வது எதிர்காலம் வந்து இறங்கிவிட்ட ஓர் இடத்தில். ஒரு பக்கம் மென்பொருள் எழுதும் கண்ணாடிக் கட்டடங்கள். இன்னொரு பக்கம் வேலைக்குப் போக இரண்டு பேருந்து மாற வேண்டிய அவர்களுடைய அம்மாக்கள். நடுவே கடல் கடந்து வரும் பறவைகள் இறங்கத் தேடும் தண்ணீர். இயந்திரம் யாருக்காக உழைக்கும், நிலம் யாருக்குச் சொந்தம், தண்ணீர் எங்கே போகும், யாரை எங்கே குடியேற்றுவார்கள் என்ற கேள்விகள் அவர்களுக்கு அன்றாட வாழ்க்கை. இவற்றையெல்லாம் எட்ட நின்று யோசித்துப் பார்க்க ஒரு கதை அவர்களுக்குத் தேவை. அதை நீங்கள்தான் கொடுக்க முடியும்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த பாகத்துக்குப் பேனா எடுக்கும்போது, முதல் பாகம் கேட்ட கேள்வியை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த பாகம் அந்தக் கேள்வியை எங்கே கொண்டுபோகிறது என்று அதன் கீழே எழுதுங்கள். எழுத ஒன்றும் இல்லையென்றால், எத்தனை கோடி கொட்டினாலும் அந்தப் பாகம் வேண்டாம். ஒரு கொலையை எழுதினால் செத்தவருக்கு ஒரு பெயரும் ஒரு வீடும் கொடுங்கள். கொடுக்க மனமில்லையென்றால் அந்தக் கொலையை எடுத்துவிடுங்கள். எதிராளிக்கு நியாயம் இருந்தால் அவர் உயிரோடு இருக்கும்போதே நாயகனை அவரோடு வாதாட விடுங்கள். வாதத்தில் நாயகன் தோற்கட்டும், நாங்கள் எழுந்து போய்விட மாட்டோம். பறவையைப் பற்றி எழுதுமுன் பறவைகளை எண்ணுகிறவர்களிடம் பேசுங்கள். வெள்ளத்தைப் பற்றி எழுதுமுன் வெள்ளத்தில் நின்றவர்களிடம் கேளுங்கள். எங்கள் சாலையோரத்தில் அவர்கள் இரண்டு பேருமே கிடைப்பார்கள்.

சிட்டி மறுபடி வரட்டும். இந்தமுறை அது சிந்திக்கட்டும், தன்னை எழுப்பியவர்களையே கேள்வி கேட்கட்டும். அப்படியொரு பாகத்தை நீங்கள் எடுத்தால், எங்கள் குடியிருப்பில் எத்தனை பிள்ளைகள் உண்டோ அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு முதல் காட்சிக்கே வருவேன். பார்த்துவிட்டு, பிடித்தது எது, பிடிக்காதது எது என்று மறுபடியும் உங்களுக்கு எழுதுவேன்.

அன்புடன்,
பெரும்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி